தெளிவாத் தெரியுது

“மேல இருக்கிற பெரிய எழுத்துலேர்ந்து ஆரம்பிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு, கண் பரிசோதகன் அறையின் விளக்கைக் குறைத்தான். எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை பளிச்சென்று ஒளிர்ந்தது. டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அதையே பார்த்தார்.

மகளோடு அவர் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்ததிலிருந்தே அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனுக்கு ஏழாம் வகுப்பு எடுத்தவர்; பாடம் முடிந்ததும் ஒரு கதைப் புத்தகத்தைப் பிரித்து, கப்பல் மூழ்கப்போகிற இடம் வரைக்கும் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார். சட்டென்று மூடி மேசைமேல் வைத்துவிட்டு, “மிச்சம் யாருக்குத் தெரியணுமோ அவங்க படிச்சுக்கோங்க” என்று போய்விடுவார். அந்தப் புத்தகத்துக்காக நடந்த அடிதடியில்தான் இவனுக்குப் படிப்புப் பைத்தியம் பிடித்தது. முதுகை வளைத்து உட்கார்ந்து ஓயாமல் கேள்வி கேட்டவனுக்குக் கேள்விக்குறி என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். இன்றைக்கு வாசலிலேயே, “டேய் கேள்விக்குறி, முதுகு இன்னும் நிமிரலையா?” என்று கேட்டுக் கடையையே சிரிக்க வைத்துவிட்டார்.

“எழுத்து தெரியுதா டீச்சர்?”

“தெளிவாத் தெரியுதுடா.”

“அப்ப சொல்லுங்க.”

“தெரியுது... ஆனா என்னன்னு தெரியல.”

விளையாடுகிறார் என்று நினைத்தான். வில்லையை மாற்றினான். இன்னொன்றை வைத்தான். அதே பதில். எழுத்துப் பலகைக்குப் பதிலாக, திறப்பு வைத்த வளையங்கள் உள்ள பலகையைப் போட்டு, திறப்பு எந்தப் பக்கம் என்று கேட்டான். மேல், இடது, கீழ் என்று டீச்சர் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். அவன் வயதுக்காரர்களே தடுமாறும் கடைசி வரியில்கூட ஒன்றும் தப்பவில்லை.

குறிப்புத் தாளையும் பேனாவையும் நீட்டினான். “ஏதாவது ஒரு வரி எழுதுங்க டீச்சர்.”

யோசிக்காமல் எழுதினார். கரும்பலகையில் பார்த்த அதே குண்டு குண்டு எழுத்து. ஒரு கொம்பு, ஒரு சுழி பிசகவில்லை. ‘பழைய கேள்விக்குறி என்னையே பரீட்சை செய்கிறான்.’ அவனுக்குச் சிரிப்பு வந்தது. தாளை அவர் பக்கம் திருப்பினான்.

“இப்ப இதைப் படிங்க.”

டீச்சர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று வழுக்கி விழுந்ததுபோல் இருந்தது.

“இப்பத்தானே எழுதினேன்... என்னடா எழுதியிருக்கேன்?”

அவன் சிரிப்பு நின்றது. பாடப்புத்தகத்தில் எங்கேயோ ஒரு மூலையில் இதைப் படித்திருக்கிறான். கண் பழுதில்லை, கை பழுதில்லை, வாசிப்பு மட்டும் போய்விடும். அது இந்த நாற்காலியில், இவர் உருவத்தில் வந்து உட்காரும் என்று நினைத்ததில்லை.

மூலையில் நின்றிருந்த மகள் பதறினாள். “தினமும் காலையில பேப்பர் படிக்கிறியேம்மா?”

“படிக்கல. புரட்டறேன்.”

மகள் கிட்டே வந்தாள். போன மாதம் ஒருநாள் தலை சுற்றுகிறதென்று அம்மா படுத்ததாகவும், எழுந்ததும் கண்ணாடி சரியில்லை என்றதாகவும் திக்கித் திக்கிச் சொன்னாள்.

“கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு நெனச்சேன்” என்றார் டீச்சர், மன்னிப்புக் கேட்பதுபோல.

அவன் அவர் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தான். “கண்ணுல ஒண்ணுமில்ல டீச்சர். தலைக்குப் போற ரத்தம் எங்கேயோ தடைப்பட்டிருக்கும்போல. இப்பவே நரம்பு டாக்டரைப் பாக்கணும்.”

“திரும்ப வருமா?”

“தெரியல டீச்சர்.”

அவரிடம் இப்படி ஒரு பதிலை அவன் சொன்னதே இல்லை. மகள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவன் டீச்சரின் ஆட்காட்டி விரலைப் பிடித்து, தாளில் முதல் எழுத்தின்மேல் வைத்தான். கண் மறந்ததைச் சிலருக்குக் கை சொல்லும் என்றும் அதே மூலையில் படித்த ஞாபகம். விரலை மெல்ல நகர்த்தினான். கீழே, குறுக்கே, மேலே.

“ப” என்றார் டீச்சர். அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. “ப-தானேடா?”

அவன் தலையாட்டினான். டீச்சர் அவன் கையை விலக்கிவிட்டார். கண்களை மூடிக்கொண்டு, அடுத்த எழுத்தான ‘ழை’யின் சுழிக்குள் தன் விரலைத் தானே நடத்தினார். பாதி வளைவில் விரல் நின்றது. உதடு குவிந்து காத்திருந்தது.