களையோடு வந்தவள்

வன்னியம்பட்டியில் விஜயபாண்டியின் கரிசல் புஞ்சையில் போன ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளம் ஒன்றுகூட முளைக்கவில்லை. முன்பு அங்கே இருந்ததெல்லாம் முளைத்தது. சட்டிக்கலப்பை போட்டு ஆழ உழுததில் அடிமண் மேலே வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முதலில் பருத்தி வந்தது. செடி தனியாக முளைப்பதில்லை, தன் கூட்டத்தோடுதான் முளைக்கும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. பருத்தியோடு அதன் களை வந்தது, களையோடு அதன் வண்டு வந்தது, பருத்தி போட்ட காலத்தில் விற்றுப்போன செவலைக் காளையும் ஒருநாள் வரப்பில் நின்று அசைபோட்டது. விஜயபாண்டி ஆள்விட்டுக் களை கொத்தினார். கொத்தும்போது கண்சிமிட்டும் நேரம் வெளிச்சம் பட்டாலே புதைந்த விதைக்குப் போதும். களை போனதும் கூட்டத்தோடு பருத்தியும் போய், அதற்கு முந்தி விதைத்த குதிரைவாலி எழுந்தது. காளை நின்ற இடத்தில், எப்போதோ செத்துப்போன நாய் வாலாட்டிக்கொண்டு நின்றது.

விஜயபாண்டியின் ஒரே மகள் ஜெயசித்ரா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா குருவம்மாள் இதே புஞ்சையில் பாம்பு கடித்து இறந்தாள். பட்டாளத்தில் இருந்த விஜயபாண்டி வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. ஒரு போட்டோகூடக் கிடையாது. "ஒங்கம்மா இருக்கயில இறுங்குச் சோளம்தாம்மா போட்டிருந்தோம். ஊடால பூரா பண்ணைக்கீரை மண்டிக் கெடக்கும்" என்று அவர் சும்மா சொல்லிவைத்தார். அதன் பிறகு ஜெயசித்ராவுக்கு லீவு நாளெல்லாம் புஞ்சையில்தான். குதிரைவாலியை விடாமல் கொத்தித் தீர்த்தாள். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் இறுங்குச் சோளம் ஆள் உயரம் எழுந்து நின்றது. ஊடே பண்ணைக்கீரை பூத்துக் கிடந்தது. அதற்குள் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒருத்தி குனிந்திருந்தாள். அவள் நிமிர்ந்தபோது ஜெயசித்ரா முகத்தைப் பார்த்தாள். மூக்கு அப்படியே தன் மூக்கு. வயதில் மட்டும் தன்னைவிடச் சின்னவள்.

ஆனால் அவள் கையில் களைக்கொத்து இருந்தது. களையோடு வந்தவள் அந்தக் களையைத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வெட்டாதம்மா! அத வெட்டினா நீ போயிருவ!"

"நல்லாருக்கே. களைய விட்டு வைக்கச் சொல்லுதியேக்கா? வீட்ல பச்சப்பிள்ள பசிச்சுக் கெடக்கு. வெரசா முடிச்சிட்டுப் போகணும்."

ஜெயசித்ரா அந்தக் கையைப் பிடித்தாள். ஈரமண் போலச் சில்லென்றிருந்தது. "விடுக்கா, பால் கட்டிக்கிருச்சு" என்று குருவம்மாள் உருவிக்கொண்டாள். கடைசிக் கீரையும் சாய்ந்ததும் புஞ்சையில் யாரும் இல்லை. மறுவாரம் அங்கே உழவுக்கு முந்திய முள்ளும் காடும் அடைத்துக்கொண்டன. புதருக்குள்ளிருந்து என்னென்னவோ கண்கள் பார்த்தன. விஜயபாண்டி அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

வெட்டுப்பட்ட பூக்கதிர் ஒன்றை மட்டும் ஜெயசித்ரா மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடுகைவிடப் பொடிசான கருப்பு விதைகள். இப்போதெல்லாம் தாம்பாளத்தில் பேண்டேஜ் துணியை நனைத்து விரித்து, அதில் நாலு விதை தூவி அடுப்படி ஜன்னலில் வைக்கிறாள். மண்ணும் இல்லை, பாத்தியும் இல்லை. முளைவிட்ட அன்று குருவம்மாள் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். கை சும்மா இருந்தால் தாம்பாளத்துப் பக்கம் போய்விடும் என்று ஜெயசித்ரா கட்டுக்கட்டாக முருங்கைக்கீரையை உருவக் கொடுத்துவிடுவாள்.

"பிள்ள அழுகலையாக்கா?"

"இல்லம்மா. தூங்குது. செத்த நேரம் இரு."

முளை வாடும் வரைக்கும் இருப்பாள். அந்த நாட்களில் தெருவில் யாரும் கீரை உருவுவதில்லை, குருவம்மாள் உருவுவதே எல்லா வீட்டுக்கும் போதும். பக்கத்து வீட்டுத் தங்கபாய் சொளகோடு வந்து வாசலில் நின்று, அடுத்த தடவை அகத்திக்கீரையாக வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, உருவியதை அள்ளிக்கொண்டு போவாள்.