நாற்பத்து மூன்றாவது ஆளின் குரல்

மைக் செட்காரர் ஒலிக் குமிழைத் திருப்பிய நொடியில் அவருடைய அக்காவின் குரல் ஒலிபெருக்கிக்குள் போய்த் தங்கிவிட்டது. ஊருக்கு அணுமின் நிலையம் வரலாமா என்று பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்ட அன்று, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு இது நடந்தது. அதுவரை நாற்பத்திரண்டு பேர் பேசியிருந்தார்கள். அணு வேண்டும் என்றவர்கள் மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்திருந்தார்கள், வேண்டாம் என்றவர்கள் ஜன்னலோரம். நிலக்கரிக்காரர் இருமிக்கொண்டே பேசினார். சூரியத் தகடு விற்பவர் வெயில் தாங்காமல் திரையை இழுத்துவிடச் சொன்னார். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று பேச்சு, ஐந்து நிமிடத்துக்குக் குறைந்து யாரும் மைக்கை விடவில்லை. நாற்பத்து மூன்றாவதாக அக்கா எழுந்தார். அரசு மருத்துவமனையில் நர்ஸ். "நான் எந்தப் பக்கமும் பேச வரலை. கரண்ட் போனா எங்க வார்டுல ஜெனரேட்டர் ஓட நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்துல..." என்றபோது அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறை என்பதுபோல் மைக் செட்காரரைப் பார்த்தார். முன்பு பேசிய நாற்பத்திரண்டு பேருக்கும் இதே பார்வை வந்திருந்தது. அப்போதெல்லாம் வம்பு எதற்கு என்று மைக் செட்காரர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். இது சொந்த அக்கா, கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று குமிழைத் திருப்பிவிட்டார். கேட்டவர்களிடம், "குமிழ் பழுது, தானா இறங்கிருச்சு" என்றார்.

தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அக்கா பாட்டுக்கு வேலைக்குப் போனார், சொல்ல வேண்டியதை மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினார். தம்பி எங்கே மைக் செட் போட்டாலும் முதலில் "அந்த நாலு நிமிஷத்துல" என்று அக்காவின் குரல் வந்து நிற்கும். கல்யாண வீட்டார் ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள், போகப்போக அதைக் கேட்டால்தான் மைக் சரியாக இருக்கிறது என்று நம்பினார்கள். மிச்ச வாக்கியம் தங்களுக்குச் சாதகமானது என்று இரு தரப்பும் துண்டறிக்கை அடித்தன. மின்நிலையக் கோப்பு கிடப்பில் கிடந்தது, கரண்ட் வழக்கம்போல் போய் வந்தது. உண்மையைச் சொல்லத் தைரியமில்லாத மைக் செட்காரருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஆறாம் வருடம் ஒரு மதியம் கரண்ட் போனபோது, வார்டில் மூச்சுக் கருவி நின்று, இரண்டு பேருக்கு ரப்பர் மூச்சுப்பையைக் கையால் அமுக்க வேண்டியிருந்தது. அக்கா ஒருத்தர்தான் இருந்தார். ஆளைக் கூப்பிடக் குரல் இல்லை. இருவரில் ஒருவரான ரொட்டிக்கடைக்காரர் இறந்துபோனார். அவருடைய இரங்கல் கூட்டத்தில் மைக் செட்காரர் ஒலிபெருக்கிப் பெட்டியைப் போட்டதும், "அந்த நாலு நிமிஷத்துல" என்றது. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தார். மைக் செட்காரர் ஒயரைக்கூடச் சுருட்டாமல் அக்கா வீட்டுக்குப் போனார்.

"குமிழ் பழுது இல்லக்கா. நான்தான் திருப்பினேன். வேற யாராவதா இருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

அக்கா சீட்டில் எழுதினார்: "அன்னைக்கே பார்த்தேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." சீட்டைத் திரும்ப வாங்கி அதன் கீழே, "அடுத்த கூட்டம் எப்போ?"

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் அதே விவாதம் மறுபடி நடந்தது. தம்பி குமிழை முழுசாகத் திருப்பினார், அக்கா உதட்டை அசைத்தார். "...மூச்சுப்பையை நாங்க கையால அமுக்குறோம். எனக்கு இருக்கிறது ரெண்டு கை. எதை வேணா கட்டுங்க. அதுவரைக்கும் அந்த நாலு நிமிஷத்துக்கு யாரு பொறுப்புன்னு எழுதி வைங்க" என்று ஒலிபெருக்கி சொன்னது. அதிகாரி பேனாவைத் திறந்தார். அப்போது கரண்ட் போனது, குரலும் கூடவே போனது.

அது தொண்டைக்குத் திரும்பவே இல்லை, பெட்டியில்தான் வருகிறது. இப்போது அக்கா வார்டில் நடந்தால், தம்பி பேட்டரியும் பெட்டியுமாக இரண்டடி பின்னால் நடக்கிறார். கல்யாணங்களுக்கு மைக் செட் போடுவதை விட்டுவிட்டார். கரண்ட் போகும்போது ஆளைக் கூப்பிடும் சத்தம் தெருமுனைவரை கேட்கிறது, நோயாளிகளுக்கும் பழகிவிட்டது. மின்நிலையம் பற்றி இன்னும் முடிவாகவில்லை. காது வலிக்குது, கொஞ்சம் குறைங்க என்று யாராவது கேட்டால், குமிழ் பழுது என்கிறார்.