கண்ணில் பட்ட பசி

மனுஷன் இருபது வருஷமாக இறால் பண்ணை வைத்திருப்பவர். ஆனால் ஓர் இறால் சாப்பிடுவதை அவர் கண்ணால் பார்த்தது இந்த வருஷம்தான். சிரிக்க வேண்டாம். மண் குளத்துத் தண்ணீரில் என்ன தெரியும்? தீவனத்தை வீசுவார், கொஞ்ச நேரம் கழித்து வலைத்தட்டைத் தூக்கி மிச்சம் கிடக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான். அந்தக் குளங்களில் அடுத்தடுத்து நோய் விழுந்ததும், இனி கொட்டகைக்குள் தொட்டி கட்டி வளர்ப்பது என்று வீட்டில் முடிவானது. எந்த மாதிரித் தொட்டி என்பதில்தான் பிள்ளைகள் இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள்.

மகன் கலங்கல் தண்ணீர்க் கட்சி. சர்க்கரைப்பாகை ஊற்றி, விடாமல் காற்றடித்தால் நுண்கிருமிகள் பெருகிக் கழிவைத் தின்னும், அந்தக் கிருமித் திரளையே இறால் தின்னும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்றான். மகள் தெளிந்த தண்ணீர்க் கட்சி. தொட்டித் தண்ணீர் வடிகட்டி வழியாகப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும், சொட்டு வீணாகாது என்றாள். இருவர் பேச்சும் நியாயமாகவே பட்டது. அவருக்கு மண்டை காய்ந்தது. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் அப்பா சாய்வார் என்று அவர் மனைவி கிண்டலடித்தாள், பொய்யும் இல்லை.

ஆளுக்கொரு தொட்டி, ஒரே எண்ணிக்கையில் குஞ்சு, ஒரே அளவு தீவனம், அறுவடையில் பார்த்துக்கொள்வோம் என்று பேசி முடித்தார்கள். அப்பா நடுவர். மகள் தூரத்து ஊரில் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்து வேலையில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் தொட்டி ஜெயித்தால் இங்கேயே தங்கிப் பண்ணையைப் பார்ப்பாள். தோற்றால் பெட்டியைக் கட்டுவாள். நடுவர் மனசு எந்தப் பக்கம் என்று சொல்லவும் வேண்டுமா? அவள் போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடந்ததை அவர் மறக்கவில்லை.

மகன் தொட்டி கெட்டி டீ மாதிரி நுரைத்துக் கிடந்தது. உள்ளே இறால் இருக்கிறதா என்பதே சந்தேகம். மகள் தொட்டியிலோ அடித்தரை வரை தெரிந்தது. மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் அவர் அதன் ஓரத்தில் போய் நிற்பார். குட்டிக் கால்களால் தரையைத் துழாவித் துழாவித் தேடும் இறால்களைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. பாவம், பசி. ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார். குளமாக இருந்தால் ஒரு வாளி கூடிப்போனாலே கேட்பாரில்லை, ஒரு கைப்பிடி எந்த மூலைக்கு?

வாரங்கள் போகப் போக ஒன்றும் புரியாமல் போயிற்று. சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டால் மகன் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. மகள் தண்ணீர் பச்சையானது. அம்மோனியா என்ற நச்சு ஏறுகிறது என்று அர்த்தமாம். இறால்கள் சோர்ந்தன, சில செத்தும் கிடந்தன. அவள் வடிகட்டியைப் பிரித்துக் கழுவினாள், பம்பை மாற்றினாள், தீவனத்தைக் குறைத்தாள். பச்சை மட்டும் குறையவில்லை. இவ்வளவு சுத்தமான தண்ணீரில் எப்படிம்மா என்று அவரும் நிஜமான குழப்பத்தோடு கேட்டார்.

“எல்லாம் சரியாத்தான்ப்பா இருக்கு. எனக்கே புரியல” என்றாள். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு இரண்டு கைப்பிடி போட்டார். இளைத்த உயிர்கள் தேறட்டும் என்று.

மறுநாள் சாயங்காலம் மகள் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி அவரைக் கூப்பிட்டாள். கண்ணாடி போன்ற உடம்புக்குள் முதுகோரமாக ஓடும் குடல், ஒவ்வோர் இறாலிலும் கறுத்துத் தடித்துத் தெரிந்தது.

“நல்லாத்தானே சாப்பிட்டிருக்கு?” என்றார், பூரிப்போடு.

“நேத்துலேருந்து நான் தீவனமே போடலப்பா. யார்கிட்டயும் சொல்லல.”

அவர் திருதிருவென்று விழித்தார். காற்றுக்குழாயைக் கழுவிக்கொண்டிருந்த மகனும் நிமிர்ந்து பார்த்தான்.

“பசியோட தேடிக்கிட்டே இருந்துச்சும்மா... ஒரு கைதான்.”

“தம்பி தொட்டிக்கும் போட்டீங்களா?”

“அதுல ஒண்ணும் தெரியலையே.”

மகன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். பிறகு அவனே, அப்பா போட்ட தீவனம்தான் அம்மோனியாவ ஏத்தியிருக்கு, இந்தப் போட்டி செல்லாதுக்கா, எது நல்ல தொட்டின்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது என்றான். மகள் டார்ச்சை அணைத்துவிட்டுப் பம்பை நிறுத்தினாள். திட்டித் தொலைத்தாலாவது பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது. கடைசியில், தொட்டியைக் காலி பண்ணிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும், லீவை நீட்டித்துக் கேட்க வேண்டும் என்று சொன்னாள். அப்படியானால் இன்னொரு பருவம் இருப்பாள்! அவருக்குத் தலைகால் புரியவில்லை. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டார்.

அவள் கையை நீட்டினாள்.

“கொட்டகைச் சாவியக் குடுங்கப்பா. அறுவடை முடியிற வரைக்கும் நீங்க உள்ள வரக் கூடாது.”

கொடுத்தார். வேறென்ன செய்வார்? வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பிள்ளைகள் இருவரும் ஏதோ பேசிக்கொள்வது கேட்டது. அவள் சிரிப்பதும் கேட்டது. என்னவென்று கேட்க வாயெடுத்தவர், பேசாமல் கதவோரம் உட்கார்ந்துகொண்டார்.