முதல் விலை சொல்லாதவர்

மறதி நோயைப் பற்றி முப்பத்தொரு வருடம் ஆராய்ச்சி செய்து நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: மன்னார்க் கரையில் பேரம் பேசியே வயதான வியாபாரிகளுக்கு மறதி பிந்தித்தான் வருகிறது. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் பேராசிரியர் ஆனேன். வருஷாவருஷம் சோதிக்கப்பட்ட அறுபது பேரும் எங்கள் ஆட்கள், கருவாட்டு வியாபாரிகள். சொந்தக்காரனே சோதித்தால் சந்தேகம் வரும் என்று கேள்வி கேட்கும் வேலையைக் கொழும்பு மாணவர்களிடம் விட்டுவிட்டு நான் வேப்பமரத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெறுகிற மாதம் ஆமினா மதினி தொலைபேசியில் வந்தா. அந்த அறுபது பேரில் ஒருவர் என் அண்ணன், வஸீர் நானா. சிலாவத்துறைப் பள்ளிவாசலுக்குப் போனவர், வீடு திரும்பத் தெரியாமல் அரிப்புக் கடற்கரையில் நின்றாராம். மீன்காரர் கூட்டிவந்து விட்டார்களாம்.

"போன வருஷம் உங்கட சோதினையில முப்பதுக்கு இருபத்தெட்டு எண்டீங்க தம்பி. அதை நம்பித்தான் தனிய விட்டனான்."

போனேன். நானா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இது எந்த வருஷம் என்று கேட்டேன்.

"நீ என்ன சொல்றாய்?"

என் வாயில் வருஷம் வந்துவிட்டது. அவர் முகத்தைச் சுளித்து, யோசித்து, போனால் போகிறது என்கிற மாதிரி, "சரி, அதையே வை" என்றார். நூறில் ஏழு போனால் எவ்வளவு என்றேன். ஏழு குறைத்தால் கட்டாதாம், அஞ்சு குறைக்கலாமாம்.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முதல் விலை சொன்னவன் தோற்றான் என்பது எங்கள் தொழில். என் மாணவர்கள் நல்ல வீட்டுப் பிள்ளைகள், திருப்பிக் கேட்டவுடன் விடையைச் சொல்லியிருப்பார்கள். கிழவர்கள் தலையாட்டி வாங்கியிருப்பார்கள். அறுபது பேரும்.

கரையில் பெரிய விலையைத் துண்டுக்குக் கீழேதான் பேசுவோம். விரலைப் பிடித்துச் சொல்லும் எண் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. நானாவின் தோள்துண்டை எடுத்து எங்கள் இருவர் கையையும் மூடினேன்.

"உங்கட பிள்ளையள் எத்தினை? விரல்ல சொல்லுங்கோ."

இரண்டு விரலைப் பிடித்தார். விட்டார். நாலு. பிறகு மறுபடி இரண்டு. அவருக்குப் பிள்ளைகள் ஐந்து.

"கட்டுமா உனக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

வாசலில் மதினி என் முகத்தைப் பார்த்தபடி நின்றா. இனித் தனிய விட வேண்டாம் என்றேன். பிழை என்னுடையது, கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதப் போறன் என்றும் சொன்னேன்.

"எழுதினா இவர் சுகப்படுவாரா?"

"இல்லை."

மதினி உள்ளே போய்விட்டா. நானா துண்டுக்குள் என் கையை இன்னும் விடவில்லை. விலை படியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.