இரண்டாவது சாரதி

காலையில் எழும்பிக் கேத்திலைப் போடுவேன். தண்ணீர் கொதிப்பதற்குள் முகம் கழுவிச் சவரம் செய்துவிடுவேன். தேநீரை நின்றபடியே குடிப்பேன். பாண் துண்டுகளை வாட்டி, பட்டர் பூசி, கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைப்பேன். கீழே போய், காரில் ஏறுமுன் அதை ஒரு தடவை சுற்றி வருவேன். ரயர்களில் காற்று இருக்கிறதா, அடியில் ஏதாவது ஒழுகியிருக்கிறதா, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பேன். பிறகு வேலைக்குப் போவேன். குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. மாதிரிப் போத்தல்கள் வரும். சோதிப்பேன். பதிவேன். வீட்டுக்கு வருவேன்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் தொடங்கியது. வேலைக்குப் பதிலாக மில்லிக்கனுக்கு, மாமி வீட்டுக்குப் போனேன். ஆபிரிக்கப் பயணம் போவதா விடுவதா என்று அன்று முடிவெடுக்க வேண்டும். நமீபியாவில் எங்களுக்காக வாகனத்தைப் பிடித்து வைத்திருந்தவன் கடைசிப் பதில் கேட்டிருந்தான்.

அது செலீனின் பயணம். செலீன் என் மனைவி, மாமியின் மூத்த மகள். போன ஒக்டோபரில் இறந்துவிட்டாள். தலைக்குள் ஓர் இரத்தக்குழாய் வெடித்தது. காலையில் தலையிடி என்றாள். மாலையில் அவள் இல்லை.

அவள் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தாள். தினமும் வேலை தொடங்குமுன் ஆட்களை வட்டமாக நிறுத்திக் கேட்பாள்: இன்றைக்கு இங்கே என்ன பிழை நடக்கலாம்? நடந்தால் யார் என்ன செய்வது? பதில் வராமல் ஒருவரும் ஏணியில் கால் வைக்க முடியாது. அவள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஒருமுறை மேற்பார்வையாளன் ஒருவன் சிரித்தான் என்று, அவன் பதில் சொல்லும்வரை கிரேனை நிறுத்தி வைத்தாள். அவளுடைய உடலைப் பார்வைக்கு வைத்த அன்று அந்த ஆட்கள் வேலைச் சப்பாத்துகளோடு வரிசையாக வந்து நின்றார்கள். சிரித்த அந்த மேற்பார்வையாளனும் வந்தான். அவள் பொறுப்பில் இருந்த எந்தத் தளத்திலும் ஒரு ஆள்கூட விழவில்லை என்று என்னிடம் சொன்னான். எனக்கு அது தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

வீட்டிலும் அவளுக்கு அதே வழக்கம்தான். நயாகராவுக்குப் போவதென்றாலும் கேள்வி கேட்பாள். அவளுடைய தாயின் அண்ணன் அமிர்தநாதர், ஒஷாவாவில் இருப்பவர், அவளைப் பயந்தாங்கொள்ளி என்பார். நமீபியாவில் தொடங்கி பொட்ஸ்வானாவுக்குள்ளால் விக்டோரியா நீர்வீழ்ச்சி வரைக்கும் காரோட்டப் போகிறேன், காரின் கூரையில் கூடாரம் போட்டுப் படுக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அவரே அவளுக்கு விசர் பிடித்துவிட்டது என்றார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டிருந்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அவள் இறப்பதற்கு முந்திய குளிர்காலம் முழுவதும், வெக்ஸ்போர்டில் எங்கள் சமையலறை மேசையில் நாங்கள் மூன்று பேரும் இருந்து அந்தப் பயணத்தை நிறுத்துப் பார்த்தோம். செலீன், நான், அவளுடைய தங்கை றெபேக்கா. யாருக்கு என்ன பயமோ அதைச் சொல்ல வேண்டும். சொன்ன பயத்துக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். செய்ய எதுவுமில்லாத பயத்தை வெளியே விட்டுவிட வேண்டும். அதுதான் அவளுடைய சட்டம்.

பெருநகரங்களில் வழிப்பறி என்றாள் றெபேக்கா. பெருநகரங்களைத் தவிர்த்து வழியை மாற்றினோம். மலேரியா என்றேன் நான். மழை முடிந்த மாதங்களுக்குப் பயணத்தைத் தள்ளினோம். மாத்திரையும் வலையும் எடுப்பதென்று வைத்தோம். இரவில் வீதியில் மாடும் மானும் யானையும் நிற்கும். அதனால் பொழுது சாயுமுன் வண்டி நிற்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் இருட்டில் ஓடக் கூடாது. செலீன் மிகவும் பயந்தது சிங்கத்துக்கு அல்ல, சரளைக்கல் பாதைக்கு. அங்கே வெளிநாட்டுக்காரர்கள் சாவது அதிகமும் கார் புரண்டுதான் என்று வாசித்திருந்தாள். ரயரில் காற்றைக் குறைத்து, மெதுவாக, சறுக்கும்போது பிறேக்கை அமத்தாமல் ஓட வேண்டும். நகரத்துக்கு வடக்கே தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதைகளில் எங்கள் இரண்டு பேரையும் கார் ஓடவிட்டுப் பழக்கினாள். றெபேக்கா என்னைவிட நன்றாக ஓடினாள்.

கடைசிச் சட்டம் சாரதிகள் பற்றியது. அந்தப் பாதையில் ஒற்றைச் சாரதியோடு இறங்கக் கூடாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று பேர் இருந்தால் ஒருவர் விழுந்தாலும் இரண்டு பேர் மிஞ்சுவார்கள் என்று கணக்குப் போட்டாள். அந்த ஒருவர் அவளாக இருக்கலாம் என்று மேசையில் யாரும் சொல்லவில்லை.

தை மாதத்தில் றெபேக்கா போன் எடுத்து, போவோம் அத்தான் என்றாள். சரி என்றேன். ஏன் என்று கேட்டால் பெரிதாகச் சொல்லத் தெரியாது. அவ்வளவு நன்றாகச் செய்த ஒன்றை ஓட்டிப் பார்க்காமல் விடக் கூடாது என்று பட்டது. அந்த மாதங்களில் எனக்கு வேறு எதுவும் படவில்லை.

மாமி வீட்டில் பெரியமாமா அமிர்தநாதர் ஏற்கெனவே வந்திருந்தார். மாமியின் கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் பெரிய முடிவெதுவும் அவர் இல்லாமல் எடுப்பதில்லை. தவக்காலம், இறைச்சி இல்லை. இடியப்பமும் மீன்குழம்பும் சொதியும் மேசையில் இருந்தன. மாமி எல்லோருக்கும் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் இருந்தார். ஒரு மகளை அடக்கம் செய்து அரை வருடம் ஆகவில்லை. மற்ற மகளை அனுப்புவதா என்பதுதான் கேள்வி.

முதலில் பெரியமாமா தொடங்கினார். பாம்பு, துவக்கோடு வரும் திருடன், எல்லையில் லஞ்சம் என்று ஒவ்வொன்றாகப் போட்டார். றெபேக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சிங்கம் வந்தால் என்றார். கூடாரம் காரின் கூரையில் இருக்கிறது, ஏறியதும் ஏணியை மேலே இழுத்துவிடலாம் என்றாள்.

"சிங்கம் ஏணி கேட்டே ஏறும்?" என்றார் பெரியமாமா.

"நீங்கள் 401 ஹைவேயில சிக்னல் போடாமல் லேன் மாறுறனீங்கள், பெரியமாமா. எனக்குச் சிங்கம் பரவாயில்லை."

அவரே சிரித்துவிட்டார்.

மாமி சிரிக்கவில்லை. நிதானமாகக் கேட்கத் தொடங்கினார். காய்ச்சல் வந்தால் கிட்டிய ஆஸ்பத்திரி எங்கே? போன் வேலை செய்யாத இடத்தில் யாருக்கு எப்படிச் சொல்வது? தண்ணீர் எவ்வளவு கொண்டு போகிறீர்கள்? அது முடிந்தால்? நான் பதில் சொல்லச் சொல்ல, இன்னும் உள்ளே போய்க் கேட்டார். சற்றுப் பொறுத்துத்தான் எனக்கு விளங்கியது. செலீன் தன் ஆட்களிடம் கேட்டதையெல்லாம், அவள் கேட்ட ஒழுங்கிலேயே, அவளை இதே மேசையில் வளர்த்த மனுசி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கேள்விக்கும் நான் முழிக்கவில்லை. செலீன் எதையும் விட்டு வைக்கவில்லை. மாமியின் முகத்தில் ஏதோ ஒன்று இறுக்கம் விட்டுக் கொஞ்சம் நிமிர்ந்தது. ஓம், என் பிள்ளை கெட்டிக்காரி என்பது போல.

அப்போது பெரியமாமா கை கழுவிவிட்டு வந்து கதிரையைப் பின்னுக்கு இழுத்து இருந்தார். பயணம் சரி, பிள்ளை எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறாள் என்றார். ஆனால் அத்தானும் மச்சாளும் தனியே ஒரு மாதம் காட்டில் திரிந்துவிட்டு வந்தால் இங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியுமா என்று கேட்டார். கூடாரங்கள் இரண்டு என்றாள் றெபேக்கா. சனம் கூடாரத்தை எண்ணிப் பாராது என்றார் அவர்.

பிறகு, மனதில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"செலீன்ர ஆண்டுத் திருப்பலி முடியட்டும். ரெண்டு பேருக்கும் எழுத்தை வைப்பம். பிறகு எங்க வேணுமெண்டாலும் போகட்டும்."

எழுத்து என்றால் பதிவுத் திருமணம். மனைவி செத்தால் அவளுடைய தங்கையைக் கட்டி வைப்பது எங்கள் ஆட்களுக்குள் புதிய விஷயமில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் கெட்டுப்போகாமலும் றெபேக்காவுக்குப் பழி வராமலும் பார்த்துக்கொள்வதாகத்தான் அவர் நினைத்தார். றெபேக்கா சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"பெரியமாமா, அவர் எனக்கு அண்ணா மாதிரி," என்றாள். "திஸ் இஸ் நொட் ஓகே."

"இது என்ர யோசினை இல்லைப் பிள்ளை. உன்ர அக்கான்ர. 'அம்மாவையும் தங்கச்சியையும் பாத்துக்கொள்ளும்' எண்டு கிளிபோட்டிட்டைக் கடைசியாச் சொல்லிப்போட்டுத்தான் அவள் கண்ணை மூடினவள். ஊருக்கே தெரியும். அதுக்கு வேற என்ன கருத்து?"

கிளிபோட் நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த வார்த்தைகளை நான் முதலில் கேட்டது, அவளைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில். யாரோ ஓர் அன்ரி, பிள்ளை கடைசியாக என்ன சொன்னது என்று மாமியிடம் கேட்டார். மாமி அதைச் சொன்னார். அன்று மாலைக்குள் வந்தவர்களெல்லாம் அதைச் சொன்னார்கள். பூசையில் ஃபாதர் பிரசங்கத்திலும் சொன்னார். செலீன் கடைசியாகப் பேசியபோது குடும்பத்தில் பக்கத்தில் நின்றது நான் மட்டும்தான். மாமி வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. ஆனால் மாமிக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. நான் மறுக்கவில்லை.

இப்போதும் மறுக்க வாய் வரவில்லை. மறுத்தால் அண்ணனுக்கு முன்னால் மாமி பொய்க்காரி. மறுக்காவிட்டால் றெபேக்காவை அந்தச் சொல் கட்டிப்போட்டுவிடும். அவளில்லாமல் தனியே போகலாமென்றால், அது செலீனின் கடைசிச் சட்டத்தை முறிப்பது. அதை நான் செய்ய மாட்டேன்.

பயணம் வேண்டாம், யாரும் போகவில்லை என்றேன். வாகனக்காரனுக்கு எழுதுவதற்குப் போனை எடுத்தேன்.

"பொறுங்கோ தம்பி," என்றார் மாமி.

எழும்பி நின்றார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, அவள் அப்பிடிச் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்."

பெரியமாமா விளங்காமல் பார்த்தார். மாமி தொடர்ந்து சொன்னார். சனம் வந்து கேட்டது. பெத்த தாய்க்கு ஒரு சொல்லும் விட்டுப் போகவில்லை என்று எப்படிச் சொல்வது. வாயில் வந்ததைச் சொன்னேன், பிறகு அது உண்மையாகிவிட்டது, நானும் இரவில் அதைச் சொல்லிக்கொண்டுதான் படுக்கிறேன் என்றார். அழவில்லை. கணக்கு ஒப்படைப்பவர் போலச் சொன்னார்.

பெரியமாமா மெல்ல, அப்படியென்றாலும் சனம் கதைக்கும் என்றார்.

"கதைக்கட்டும். தன்னை நம்பி ஏறினவன் ஒருத்தனையும் விழவிடாத பிள்ளை அவள். அவள் ரெண்டு பேர் ஓடோணும் எண்டால் ரெண்டு பேர் ஓடத்தான் வேணும். நான் பெத்ததுகளையும் எனக்குத் தெரியும், இந்தத் தம்பியையும் எனக்குத் தெரியும். கேக்கிற ஆக்களை என்னட்டை அனுப்பிவிடுங்கோ அண்ணை."

றெபேக்கா எழும்பிப் போய்த் தாயின் தோளில் முகத்தை வைத்தாள். நான் வாகனக்காரனுக்கு எழுதினேன். வருகிறோம், சாரதிகள் இரண்டு பேர் என்று. அனுப்புமுன் அதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன்.

பெரியமாமா கோட்டைப் போட்டார். கதவடியில் நின்று, விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்றார். வழி முழுக்கச் சிக்னல் போடுகிறேன் என்றும் சொன்னார். அவர் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது றெபேக்கா வெளியே போய், பின்னால் பார்த்துக் கை காட்டிவிட்டாள்.

நான் கோப்பைகளைக் குசினிக்குக் கொண்டுபோனேன். மாமி குழாயைத் திறந்தார். பிறகு மூடினார்.

"தம்பி. அவள் உண்மையா என்ன சொன்னவள்?"

இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோரிடமும் விடை இருந்தது. அது உங்களைப் பற்றியும் இல்லை மாமி, என்னைப் பற்றியும் இல்லை என்றேன். பரவாயில்லை என்றார். நான் சொல்லும்வரைக்கும் அசையாமல் நின்றார்.

சொன்னேன். காரை அவசரப் பிரிவின் வாசலில், கதவும் சாத்தாமல் விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கட்டிலில் கிடத்தினார்கள். வெளிச்சம் கூசியதால் கண்ணை மூடியிருந்தாள். தாதி ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். அவள் சொன்னபடி நான் வெளியே போனேன். திரும்பி வந்தபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"காரை அம்புலன்ஸ் வாற வழியில விட்டிட்டு வந்திட்டீர். போய் எடும். பின்னால ஆரும் வருவினம்."