ஐந்து மீட்டரில் எட்டு நிமிடம்

கென்சாகு இனோமாத்தா இருபத்தெட்டு வருடமாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். "மேல ஏறும்போது அவசரப்படாதீங்க. அஞ்சு மீட்டர்ல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மூணு நிமிஷம் நில்லுங்க. உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் மூச்சோட மெள்ளப் போகட்டும். இல்லன்னா சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உள்ளயே நுரைச்சிடும்." நிஷி இசு கடற்கரையில் இருந்த அவருடைய டைவிங் கடைக்கு டோக்கியோவிலிருந்து வருகிறவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார்கள். கீழே போய்விட்டு வரும்போது வௌவால் கூட்டம் மாதிரி கயிற்றில் வரிசையாகத் தொங்கவும் தொங்குவார்கள். தொங்காத ஒரே ஆள் யார் என்கிறீர்கள்? பாட்டுப் பாடிய மனிதர்தான்.

அவர் எல்லோரையும் கயிற்றில் மாட்டிவிட்டு விர்ரென்று மேலே போவார். தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டி, படகில் இருக்கிற மனைவி ஃபுசாயோவுக்குக் கையை ஆட்டிவிட்டு மறுபடி கீழே இறங்குவார். ஒரு முங்கலுக்கு இரண்டு தடவையாவது இந்தக் கூத்து நடக்கும். கேட்டால், "வழிகாட்டின்னா அப்படித்தான்" என்பார்.

போன அக்டோபரில் அதற்குப் பலன் கிடைத்தது. மதியச் சாப்பாட்டில் அவர் கையிலிருந்து சாப்ஸ்டிக் நழுவி மிசோ சூப்பில் விழுந்தது. முழங்கை வலியில் உயிர் போனது. ராத்திரி சரியாகப் படுக்கவில்லை என்று அவர் கதைவிட, ஃபுசாயோ அவரை வண்டியில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே இரும்புப் பீப்பாய் மாதிரி ஒரு அறைக்குள் அவரைப் படுக்கவைத்து, உடம்புக்குள் நுரைத்த குமிழிகள் கரையக் காற்றழுத்தத்தை ஏற்றி ஐந்து மணி நேரம் வைத்திருந்தார்கள். ஃபுசாயோ வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் சண்டைதான்.

ஜூன் மாதம் குசாகாபே என்ற பெண் டாக்டர் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கருவியோடு வந்தார். கடலிலிருந்து ஏறிய வழிகாட்டிகளின் மார்பில் அதை வைத்தால், இரத்தத்தில் ஓடுகிற குமிழிகளின் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும். ஃபுசாயோ விடுவாளா? கணவரைப் பிடித்து முதல் ஆளாக உட்கார வைத்தாள்.

"எந்திரிச்சு நில்லுங்க. இப்ப உக்காருங்க. மறுபடி எந்திரிங்க" என்றார் டாக்டர்.

கென்சாகு தோப்புக்கரணம் போட்டார். ஒலிபெருக்கியில் டெம்புரா பொரிக்கிற எண்ணெய் மாதிரி சடசடவென்று சத்தம் வந்தது.

"உள்ள என்ன சமையலா நடக்குது?" என்றாள் ஃபுசாயோ.

டாக்டர் எழுதிக்கொண்டார். "நாலுக்கு மூணு."

"பரவாயில்லையே, நல்ல மார்க்குதான்" என்று கென்சாகு இளித்தார்.

"இதுல சைபர் வாங்கறவங்கதாங்க முதல் ராங்க்."

ஃபுசாயோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நல்லாக் கேட்டுக்கோங்க. நாளைக்கும் டாக்டரம்மா பாப்பாங்க. இதே சத்தம் வந்துச்சு, அப்புறம் கடல் கிடையாது. சிலிண்டருக்குக் காத்து அடிச்சுக்கிட்டு ஷெட்டுல உக்காருங்க. நான் வேற ஆளைப் போட்டுக்கறேன்."

படகும் அவள் பேரில், கடையும் அவள் பேரில். சொன்னால் செய்கிற பெண்மணி. ஐம்பத்தேழு வயதில் கென்சாகுவுக்குத் தெரிந்ததெல்லாம் கடல் ஒன்றுதான். கணவாய் மீன்கள் முட்டையிட வந்திருக்கிற இந்த ஜூன் மாதத்தில் ஷெட்டில் உட்காருவதா? அதற்குச் செத்துத் தொலையலாம் என்று நினைத்தார்.

அன்று சாயங்காலம் கழுத்தளவு வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து யோசித்தார். எப்படியாவது அந்தக் கருவியை ஏமாற்ற வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்கலாமா? மூச்சை அடக்கலாமா? கடைசியில் ஒரு கள்ள யோசனை வந்தது. நாளைக்கு யாருக்கும் தெரியாமல் நாமும் கயிற்றில் தொங்கிவிட்டால் என்ன? டாக்டர் கரையில்தானே இருப்பார், அவருக்கு எங்கே தெரியப்போகிறது! மூன்று நிமிடம் போதாது, எட்டு நிமிடமாகத் தொங்கிவிடுவோம். வாத்தியாரே பரீட்சையில் பிட் அடிக்கிற மாதிரி அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கடலா மானமா என்றால் கடல்தான்.

மறுநாள் அதே இடம், அதே ஆழம், அதே ஐந்து வாடிக்கையாளர்கள். கணவாய் பார்த்து முடித்து ஏறினார்கள். ஐந்து மீட்டரில் ஐவரும் கயிற்றைப் பிடித்தார்கள். ஆறாவதாகக் கென்சாகுவும் பிடித்தார்.

ஐவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான பல் டாக்டர் ஹத்தாகெயாமா, 'உடம்பு சரியில்லையா?' என்று சைகையில் கேட்டார். கென்சாகு, 'நன்றாக இருக்கிறேன்' என்று விரலை வளைத்துக் காட்டினார். பல் டாக்டர் நம்பவில்லை. பக்கத்தில் நீந்தி வந்து தன்னுடைய உபரி மூச்சுக் குழாயை அவர் வாயருகே நீட்டினார். கென்சாகு அதைத் தள்ளிவிட்டார். அந்த நல்ல மனிதர் மறுபடி நீட்டினார்.

மூன்று நிமிடம் ஆயிற்று. ஒருவரும் அசையவில்லை. வழிகாட்டி நிற்கும்போது நாம் முந்திக்கொண்டு மேலே போவது மரியாதையா? ஐவரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாகத் தொங்கினார்கள்.

நான்காவது நிமிடத்தில் மேலே படகின் ஏணி இறங்கியது. பிறகு ஏறியது. மறுபடி இறங்கியது. படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. யாரோ அதில் ஓடுகிறார்கள். ஃபுசாயோ தளத்தைக் கழுவுகிறாள் போலிருக்கிறது என்று கென்சாகு நினைத்தார். ஆறாவது நிமிடத்தில் ஒரு வெள்ளை ரப்பர் பூட்ஸ் தண்ணீருக்குள் விழுந்து, அவர் மூக்குக்கு நேராக ஆடி அசைந்து கீழே போனது. அடுத்து ஏணியோரமாக ஒரு தலை தலைகீழாக உள்ளே வந்தது. முகத்தில் நீச்சல் கண்ணாடி, நாலு பக்கமும் மிதக்கிற நரைத்த முடி. ஃபுசாயோ!

கென்சாகு கையை ஆட்டினார். ஃபுசாயோ முஷ்டியைக் காட்டினாள்.

அந்த முஷ்டிக்குப் பயந்தே மிச்சம் இரண்டு நிமிடத்தையும் முழுசாக நின்றார். மேலே வந்ததும் மீதியிருந்த ஒற்றைப் பூட்ஸால் அவர் தலையில் ஒன்று விழுந்தது.

"யோவ்! நீ செத்துட்டன்னு நினைச்சேன்யா! எத்தனை நேரமா ஒரு தலையையும் காணோம்! உனக்கு அறிவிருக்கா?" இருபத்தெட்டு வருடத்தில் அவள் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"சத்தம் போடாதே, கரைக்குக் கேட்டுடும்" என்று கெஞ்சினார் கென்சாகு.

அரை மணி கழித்துக் கரையில் கருவி மார்பில் ஏறியது. லப் டப், லப் டப். தோப்புக்கரணம் போட்டார். எங்கேயோ ஒன்றிரண்டு சொடுக்குச் சத்தம், அவ்வளவுதான்.

"ஒண்ணு" என்று டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "இன்னிக்கு என்ன செஞ்சீங்க?"

கென்சாகு தலையைக் குனிந்தார். பொய் சொல்லலாம்தான். ஆனால் ஃபுசாயோ கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சிடுங்க டாக்டரம்மா. உங்களை ஏமாத்திட்டேன். வந்தவங்களோட சேந்து நானும் எட்டு நிமிஷம் கயித்துல தொங்கிட்டேன்."

டாக்டர் பேனாவைப் போட்டுவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். "இதுவா ஏமாத்து? அங்க நின்னா குமிழி குறையுதான்னு பாக்கத்தானே நான் வந்தேன்! ஒரு நாளை வெச்சு எதையும் சொல்ல முடியாது, உடம்பு தினம் ஒரு மாதிரி இருக்கும். மாசம் பூரா பாக்கணும். நீங்க தினமும் இப்படியே ஏமாத்துங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "எல்லாருக்கும் சொல்ற ஆளு, நீங்க மட்டும் ஏன் இத்தனை வருஷமா நிக்கல? எதுக்கு முதல்ல மேல ஓடறீங்க?"

"சும்மா, பழக்கம்" என்று கென்சாகு வேறெங்கோ பார்த்தார்.

"பழக்கம் இல்ல டாக்டரம்மா." ஃபுசாயோவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "நான்தான் சொன்னேன். கல்யாணமான புதுசு. முதல் தடவையா என்னைத் தனியாப் படகுல உக்கார வெச்சுட்டு இறங்கினாரு. சுத்தித் தண்ணி, ஒரு ஆளும் கண்ணுல படல. அழுது தீத்துட்டேன். இனிமே ஒவ்வொரு தடவையும் முதல்ல வந்து தலையைக் காட்டுங்க, இல்லன்னா நான் படகுல ஏற மாட்டேன்னு சொன்னேன். சொன்னதையே மறந்துட்டேன் நான்."

கணவர் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரியில இரும்பு டப்பாக்குள்ள அஞ்சு மணி நேரம் கிடந்தீங்களே! அதுக்கப்புறமும் எட்டு மாசமா என்கிட்ட ஏச்சு வாங்கினீங்களே! ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா நீ படகுல வர்றதையே விட்டுடுவே" என்றார் கென்சாகு. "நீ மேல இல்லன்னா நான் கீழ போய் என்ன பண்ண?"

டாக்டர் கருவியின் வயரைச் சுருட்டுகிற சாக்கில் எழுந்து அப்பால் போனார். ஃபுசாயோ மூக்கை உறிஞ்சினாள். பெஞ்சிலிருந்த துண்டை எடுத்து அவருடைய ஈரத் தலையை முரட்டுத்தனமாகத் துவட்ட ஆரம்பித்தாள்.

"கடலுக்குப் போங்க. ஆனா நாளைல இருந்து மேல வரக் கூடாது. எட்டு நிமிஷமும் கீழயே நிக்கணும்."

"அப்ப உனக்கு?"

"எனக்கு எட்டு நிமிஷம் பயமா இருக்கும்" என்றாள் ஃபுசாயோ. "இருந்துட்டுப் போகட்டும்."