ஏழு ஆர்க்கிட்டும் ஒரு பெட்டித் தராசும்

எங்கள் வீட்டில் நான் மனதார வெறுத்த ஒரே பொருள் பெட்டி எடை பார்க்கும் அந்தக் கொக்கித் தராசுதான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கீழே ஒரு கொக்கி, மேலே எண் மின்னும் சின்னக் கண்ணாடி. சவூதிக்குப் போய்வரும் ஆள் இருக்கிற எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம். என் வீட்டுக்காரர் பரீது தம்மாமுக்குப் புறப்படும் ஒவ்வொரு தடவையும் பெட்டியை அதில் மாட்டி நான்தான் தூக்கிப் பிடிப்பேன். முப்பது கிலோவுக்கு மேல் நூறு கிராம் கூடினாலும் ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் எடுத்து எடுத்து வைத்தேன். எதை எடுத்து வைத்தாலும் ஆள் போவது மட்டும் நிற்கவில்லை.

இன்றைக்கு அதே தராசைத் தினமும் துடைத்து ஆணியில் மாட்டுகிறேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். ஜெயித்த கதை, அதனால் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பிப்ரவரியில் அவர் வேலை பார்த்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். "இனிமே இங்கனதான் ஜைனு" என்று தென்காசிக்கு வந்து இறங்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் கண் பட்டுவிடுமோ என்று பயம்.

மூன்றாம் நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஓர் உண்மையைச் சொன்னார். ஊரெல்லாம் 'ஹோட்டல் சூப்பர்வைசர்' என்று சொல்லி வைத்திருந்தோமே, அவர் சூப்பர்வைசரே இல்லையாம். ஹோட்டல் முகப்பில் இருந்த இருநூறு ஆர்க்கிட் தொட்டிகளைக் கவனிப்பதுதான் கடைசிப் பதினான்கு வருஷமும் வேலையாம்.

"பூவுக்குத் தண்ணி ஊத்துதேன்னு எப்படிச் சொல்ல? வெக்கமா இருந்துச்சு" என்றார்.

"பொய் சொல்ல வெக்கமில்ல, பூவுக்குத் தண்ணி ஊத்த வெக்கமா?" என்று கத்திவிட்டேன். அடுப்படிக்குள் போனதும் அழுகை வந்தது. அந்தப் பதினான்கு வருஷமும் தினமும் போனில் பேசியிருக்கிறோம். ஒரு பூவின் பேரைக்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை.

அப்புறம் அவரே வேலை தேடிக் கிளம்பினார். குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் குத்தாலிங்கம் அண்ணாச்சி பெரிய ரிசார்ட் நடத்துகிறார். முகப்பில் வைக்க ஆர்க்கிட் வாங்குவார், பூ உதிர்ந்ததும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவார். இவர் போய், "அது சாகல அண்ணாச்சி, ஓய்வு எடுக்கு. நான் திரும்பப் பூக்க வைக்கேன்" என்றிருக்கிறார். அண்ணாச்சி சிரித்துவிட்டு, வெறும் இலையோடு மூலையில் கிடந்த பன்னிரண்டு தொட்டிகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

"பூஜை லீவுக்குள்ள பூவோட கொண்டு வாரும். அப்புறம் இந்த ரிசார்ட்டுல இருக்க அத்தன செடியும் உம்ம பொறுப்பு. பூக்கலன்னா என்னைத் தேடி வராதியும் வே."

தம்மாமில் இருக்கும் என் தம்பி அல்தாப் இதைக் கேட்டுவிட்டு, "மச்சானுக்கு என்ன பைத்தியமா? நான் வேற விசா பாக்குதேன்" என்றான். இவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆக, பூத்தால் என் வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார், பூக்காவிட்டால் விமானம் ஏறுவார். பன்னிரண்டு தொட்டிகளையும் நான் உற்றுப் பார்த்தேன். மண்கூட இல்லை, மரப்பட்டைத் துண்டும் கரியும்தான் இருந்தது. இதை நம்பியா என் வாழ்க்கை என்று இருந்தது.

சவூதிக்குப் போய்வந்த ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைத்தான் அவர் முதலில் செய்தார். செடிகளை எங்கள் படுக்கை அறைக்குள் கொண்டுபோய் ஏசியைப் போட்டுவிட்டார்! அங்கே ஹோட்டலில் அப்படித்தானாம். ஜன்னலைச் சாத்தி, ட்யூப் லைட்டைப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டு, வியாழக்கிழமைதோறும் தொட்டிக்கு ஒரு கப் என்று அளந்து தண்ணீர் ஊற்றினார். மே மாத வெக்கையில் நானும் மகள் அஃப்ஷானும் ஹாலில் விசிறிக்கடியில் வெந்துகொண்டிருந்தோம்.

"வாப்பா, அடுத்த ஜென்மத்துல நான் ஆர்க்கிட்டாப் பொறக்கேன்" என்றாள் அஃப்ஷான்.

செடிக்கும் அந்தச் சொகுசு ஒத்துக்கொள்ளவில்லை. இலைகள் கருகருவென்று பச்சையாக இருந்தன. அது செழிப்பு என்று இரண்டு பேருமே நினைத்தோம். பிறகு ஒவ்வொன்றாகத் தொய்ந்து, வாடிய கத்தரிக்காய்த் தோல்போலச் சுருங்கின. ஜூன் பாதிக்குள் நாலு செடி போய்விட்டது. அந்த வாரமே அல்தாப்பிடமிருந்து விசா வந்துவிட்டதாகச் செய்தி. விசாவுக்கான மெடிக்கல் செக்கப்புக்கு மதுரைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"மிச்சத்தையும் குப்பையில போட்ரு ஜைனு. எனக்கு அந்த ஊருல மட்டுந்தான் வேலை தெரியும்போல."

அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் எட்டுத் தொட்டியையும் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். குப்பையில் போடுவதற்கு இல்லை. முதலில் என் படுக்கை அறை எனக்கு வேண்டும். எங்கள் பின்வாசல் மேற்குப் பார்த்தது. துணி காயப்போடும் இடம், மேலே பாதி வரைக்கும் தகரக் கூரை. எதிரே மலை. சாரல் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அங்கே நின்றால் காற்றில் ஈரம் முகத்தில் ஒட்டும். தொட்டிகளைத் துணிக்கல்லின் மேல் வரிசையாக வைத்துவிட்டு, அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் எல்லாவற்றுக்கும் தாராளமாக ஊற்றினேன். மறுமுறை தண்ணீர் வந்தபோதும் ஊற்றினேன். தண்ணீர் வந்தால் பாத்திரம், பண்டம், செடி, கொடி எல்லாவற்றையும் நிரப்பி வைப்பதுதானே நம் பழக்கம்? இலைகளுக்கு நடுவே குருத்தில் தண்ணீர் தேங்கி, ஒரு செடி நாலே நாளில் அழுகியது. அந்தக் கொலை என் கணக்கு. அதை மறைக்க மாட்டேன்.

அவர் காயப்போட்டே கொன்றார். நான் ஊற்றியே கொன்றேன். அப்படியானால் எப்போதுதான் ஊற்றுவது? ஒரு தொட்டியைக் கையில் தூக்கி யோசித்தேன். காஸ் சிலிண்டர் தீரப்போவது தூக்கிப் பார்த்தாலே தெரிகிறது. செடியின் தாகமும் அப்படித் தெரியாமலா போகும்? ஆனால் எட்டு நாளுக்கு முன்னால் எவ்வளவு கனம் இருந்தது என்பதைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளாதே. அப்போதுதான் அலமாரியில் கிடந்த அந்தச் சனியன் பிடித்த தராசு நினைவுக்கு வந்தது.

தொட்டியை ஒரு துணிப்பைக்குள் வைத்துக் கொக்கியில் மாட்டினேன். நன்றாகக் குடித்துத் தண்ணீர் வடிந்த தொட்டி எண்ணூறு கிராம் காட்டியது. நாளாக ஆகக் குறைந்து ஐந்நூற்றைம்பதுக்கு வந்தபோது பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. வெள்ளையாகிவிட்ட வேர், தண்ணீர் பட்டதும் பச்சையானது. அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஐந்நூற்றைம்பதுக்கு வந்தால் தண்ணீர், அதுவரை ஒரு சொட்டுக் கிடையாது. காற்று வேகமாக அடித்த வாரம் நாலு நாளில் இறங்கியது. விடாமல் சாரல் அடித்தபோது ஒன்பது நாள் ஆனது. வியாழக்கிழமை என்று ஒரு கிழமையே செடிக்குத் தெரியாது. போர் தண்ணீர் பட்டால் பட்டையில் உப்புப் பூக்கிறது என்று, கூரையிலிருந்து வழியும் மழைத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தேன். குருத்தில் சாரல் விழுந்தால் துப்பட்டி நுனியால் ஒற்றி எடுத்தேன்.

இடையில் அவர் மதுரையிலிருந்து வந்து, பின்வாசலைப் பார்த்துக் குதித்தார்.

"ஏட்டி, மேற்கு வெயில்ல வச்சிருக்கியே! இல அவிஞ்சிரும். பதினாலு வருசம் வளத்தவன் சொல்லுதேன்."

"உங்க தம்மாம்ல மலை இருந்துச்சா மச்சான்? இங்கன மூணு மணிக்கே மலைமேல மேகம் ஏறி வெயில மூடிருதுல்லா?"

அவர் ஒரு செடிக்கு மேலே உள்ளங்கையை நீட்டினார். இலைமேல் கை நிழல் லேசாக, ஓரம் கலங்கினாற்போல் விழுந்தது. அப்படியே நின்றார். பிறகு விறுவிறுவென்று படுக்கை அறைக்குப் போய் ட்யூப் லைட்டைப் போட்டு, செடி இருந்த மேஜைமேல் கையை நீட்டினார். நிழலே இல்லை.

"நிழலு அழுத்தமா விழுந்தா வெயிலு கூட. கலங்கலா விழுந்தா சரியான வெளிச்சம். நிழலே விழலன்னா செடிக்குப் பட்டினி" என்று மெதுவாகச் சொன்னார். "அங்க கூரை முழுக்கப் பெரிய பெரிய லைட்டு இருந்துச்சு ஜைனு. அத நான் மறந்தே போனேன். ஏசிய மட்டும் ஞாபகம் வச்சிருக்கேன்."

"ஏசி என்னத்துக்கு?"

"ராத்திரி குளிரு பட்டாத்தான் பூந்தண்டு வரும்."

அந்தக் குளிர் எங்கள் பின்வாசலில் சும்மா கிடக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையை இத்தனை நாள் நடத்தியிருக்கிறோம்! இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். அன்றைக்கே அவர் கடைக்குப் போய்ப் பச்சை வலை வாங்கிவந்து, நடுப்பகல் வெயில் மட்டும் தாக்காதபடி கட்டினார். ஆனால் விசாவும் நிற்கவில்லை. ஜூலை பத்தாம் தேதி பாஸ்போர்ட்டில் குத்தி வந்துவிட்டது. அக்டோபர் எட்டுக்குள் சவூதியில் இறங்கியாக வேண்டும்.

ஜூலை கடைசியில் ஒரு காலை, மூன்றாவது தொட்டியில் இலையிடுக்கிலிருந்து பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்தார்.

"வேரா இருக்கும், ஆசப்படாத. நுனியப் பாரு. வேருன்னா உருண்டையா, பளபளன்னு இருக்கும். பூந்தண்டுன்னா கிளிமூக்கு மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும்."

கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியவில்லை. நான் குனிந்து பார்த்தேன்.

"கிளிமூக்கு" என்றேன்.

நுரையோடே துணிக்கல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரத்தில் ஏழு தொட்டியிலும் கிளிமூக்கு வந்துவிட்டது. ஏழுக்கு ஏழு! காற்றில் தண்டு ஒடியாமல் இருக்க ஈர்க்குக்குச்சி நட்டு, அஃப்ஷானின் முடி க்ளிப்புகளால் பிடித்து நிறுத்தினோம். தொட்டியைத் திருப்பி வைத்தால் மொட்டு வெளிச்சத்தைத் தேடி முறுக்கிக்கொள்ளும் என்று, பெருக்கும்போதுகூட அவர் யாரையும் தொட விடவில்லை.

செப்டம்பரில் சாரல் நின்று காய்ந்த காற்று அடித்தது. மொட்டெல்லாம் பட்டாணி அளவுக்கு வந்திருந்த நேரம். இரண்டு மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தன. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டுகளில் ஜல்லி பரப்பித் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தொட்டிகளை வைத்தார் அவர். நான் இரண்டு துப்பட்டிகளை நனைத்துக் கொடியில் தொங்கவிட்டேன். அதற்கப்புறம் ஒரு மொட்டும் உதிரவில்லை. விரியவும் இல்லை. அக்டோபர் ஏழாம் தேதிக்கு டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டான் அல்தாப்.

செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். துணியெல்லாம் அடுக்கிவிட்டுக் கூப்பிட்டார்.

"ஜைனு, தராச எடு."

"தர மாட்டேன்" என்றேன்.

"என்ன வெளையாட்டு இது?"

"தராசு சும்மா இல்ல மச்சான், வேலையா இருக்கு. ஏழு தொட்டி தூக்கிப் பாக்கணும். உங்க பெட்டி காத்துக் கெடக்கட்டும்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் பெட்டியைத் தூக்கிப் பிடிக்கவில்லை. "போகாதிய" என்று சொல்லவும் அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பெட்டியை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போனார்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் மூன்றாவது தொட்டியின் முதல் மொட்டு விரிந்தது. வெள்ளை இதழ், நடுவில் ரோஸ் நிறம். அடுத்த இரண்டு நாளில் ஏழும் விரிய ஆரம்பித்துவிட்டன. லோடு ஆட்டோ பிடித்து, ஏழு தொட்டியையும் நடுவில் வைத்து, இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் நானுமாகப் பிடித்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போனோம். வழியில் ஆட்டோவைப் பார்க்காதவர்கள் பாவம் செய்தவர்கள்.

ரிசார்ட் முகப்பில் இறக்கி வைத்ததும் தங்கியிருந்தவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். குத்தாலிங்கம் அண்ணாச்சி கிட்டே வந்து, யாரும் பார்க்காதபோது ஓர் இதழை நகத்தால் லேசாகக் கிள்ளிப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன்.

"பிளாஸ்டிக் இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"பன்னெண்டு கொடுத்தேன், ஏழு வந்திருக்கு" என்றார் விடாமல்.

"நாலு நான் கொன்னது, ஒண்ணு இவ கொன்னது" என்றார் என் வீட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "இனிமே ஒண்ணும் சாகாது. ஆனா அண்ணாச்சி, வேலைக்கு நான் மட்டும் வர மாட்டேன். வெளிச்சம் நான் பாப்பேன். தண்ணி எப்ப ஊத்தணும்னு சொல்லுதது இவதான்."

அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருமா நாளைக்கே வந்துருங்க வே" என்றார். முகப்பு நிறைய ஆள் நிற்க, என் வீட்டுக்காரர் பதினான்கு வருஷம் சொல்ல வெட்கப்பட்ட வேலையை ஒவ்வொருவருக்கும் கை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நிழல் கலங்கலாக விழ வேண்டுமாம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அக்டோபர் ஏழாம் தேதி காலையில் அல்தாப் போன் செய்தான். மச்சான் வரவில்லை என்று ஒரு வாரமாகச் சொல்லியும் அவன் நம்பவில்லை. ரிசார்ட்டிலிருந்து வந்த புதுத் தொட்டி ஒன்றைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பிடித்தபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டேன்.

"அக்கா, கடசியாக் கேக்கேன். பெட்டி எத்தன கிலோ வந்துச்சு?"

கண்ணாடியில் எண் ஓடி நின்றது.

"அறுநூறு கிராம்லே" என்றேன். "நாளக் கழிச்சுத் தண்ணி ஊத்தணும்."